ரிட்டிகலவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய திருகோணமலை ஆசிரியர்களுக்கு,

பாடசாலைச் சுற்றுலா என்றால் எங்கள் பஸ்கள் கந்தளாய், ஹபரணை தாண்டி சிகிரியாவுக்கும் தம்புள்ளைக்கும் போகும். நேரம் மிஞ்சினால்தான் ரிட்டிகல. இறங்கி, இடிபாடுகளுக்கு முன்னால் படம் எடுத்து, தலையை எண்ணி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அந்த மலைக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

சுற்றியிருந்த நிலம் காலங்காலமாக அரிபட்டுத் தாழ்ந்துபோக, கடினப் பாறை மட்டும் எஞ்சி நிற்கும் மலை அது. உயரம் 766 மீற்றர். அடிவாரத்தில் பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று எங்கள் பக்கத்து மரங்கள்தான். உச்சியிலோ காடே வேறு. வடகீழ்ப் பருவக்காற்றின் ஈரத்தை அந்த உயரம் மறித்துப் பிடிக்கிறது. கீழே குளங்கள் வற்றிக் கிடக்கும் காலத்திலும் மேலே மேகம் வந்து தங்குகிறது. அதனால் ஈரவலயத்துக்குரிய செடிகள் வறண்ட வலயத்தின் நடுவே வளர்கின்றன. எங்கள் வீட்டு முற்றத்துக் கற்பூரவள்ளிக்கு உறவான கோலியஸ் எலொங்கேட்டஸ் என்ற செடிக்கு இந்த மலையை விட்டால் உலகில் வேறு இடமில்லை. இதைவிட நல்ல தாவரவியல் பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்? புவியியல் ஆசிரியரையும் கூட்டிப் போங்கள். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தரும் அருவி ஆறு இந்த மலைப்பக்கத்தில்தான் பிறக்கிறது என்பதை அங்கே நின்று சொல்லட்டும்.

அனுமன் தூக்கிவந்த சஞ்சீவி மலையின் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்ற கதையைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். நல்ல கதை, சொல்லுங்கள். ஆனால் கதையைக் கேட்டதும் கை இலையைத் தேடும். 1941 முதல் இது கடும் பாதுகாப்புக்குரிய இயற்கை ஒதுக்கிடம். ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது என்பதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். உச்சிக்கு ஏறவும் கேட்காதீர்கள். பொதுமக்களுக்கு பழைய பௌத்த மடாலய இடிபாடுகள் வரைதான் வழி, அதற்கு மேல் தனி அனுமதி வேண்டும். அது சரியான ஏற்பாடு. ஒரே மலையில் மட்டும் வாழும் செடிக்கு நூறு சோடிக் கால்கள் தாங்காது.

பார்க்க முடிந்ததே போதுமான அளவு இருக்கிறது. செதுக்கிய கற்கள் பரவிய நடைபாதையில் மெல்ல நடந்தால், கல்லிடுக்கில் வேர் எப்படி நுழைகிறது, பாறையை எப்படிப் பிளக்கிறது என்று குனிந்து பார்க்கலாம். மாரி காலத்தில் அந்தக் கற்கள் வழுக்கும், ஆகவே ஓகஸ்ட் விடுமுறையில் போவது நல்லது. பஸ்ஸின் பாட்டுப் பெட்டியைப் பிரதான வீதியிலேயே நிறுத்திவிடச் சொல்லுங்கள்; அது யானைகளும் நடமாடும் காடு.

அன்புடன்,
உங்கள் மாணவர் ஒருவரின் பெற்றோர்