களிமண்ணும் சிலிகானும் சேராத அச்சு கிட் - பணத்தைத் திருப்பித் தரக் கோரி புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: லூர் (தூண்டிலில் மாட்டும் பொய் மீன்) வார்க்கும் அச்சு செய்யும் கிட்டில் உள்ள குறை

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் ரூ. 2,350 கொடுத்து வாங்கிய 'வீட்டிலேயே அச்சு செய்யும் கிட்' பற்றி எழுதுகிறேன். பில்லும் புகைப்படங்களும் இணைப்பில் உள்ளன. களிமண்ணைத் தொட்ட இடத்தில் சிலிகான் இறுகவில்லை என்று கஸ்டமர் கேரில் ஏற்கெனவே பேசியாயிற்று. "கலவை விகிதம் தப்பியிருக்கும் சார்" என்பதைத் தவிர அவர்களிடம் வேறு பதில் இல்லை. அது ஏன் பொருந்தாது என்று சொல்லத்தான் இந்த நீளக் கடிதம்.

முட்டுக்காடு பக்கம் கொடுவா பிடிக்கப் போகிறவன் நான். கொடுவாவுக்கு மடவைக் குஞ்சு என்றால் உயிர். அந்த உருவத்தில் ரப்பர் லூரைக் கடையில் வாங்கிப் போட்டால், சிப்பி ஒட்டிய பாலத் தூணில் உரசி தூண்டில் நரம்பு அறுந்து, லூர் போய்விடுகிறது. கையில் அச்சு இருந்தால் பிளாஸ்டிசால் என்ற திரவ பிளாஸ்டிக்கைச் சூடாக்கி ஊற்றி வேண்டிய அளவு வார்த்துக்கொள்ளலாம். கிழிந்த பழைய லூரையும் உருக்கி மறுபடி ஊற்றலாம். 170 டிகிரிக்கு மேல் கொதிக்கிற அந்தச் சூட்டைத் தாங்கவும், வால் பிய்யாமல் வளைத்துக் கழற்றவும் சிலிகான் அச்சுதான் வசதி. அதனால்தான் உங்கள் கிட்டை வாங்கினேன்.

கல்யாண முருங்கைக் கட்டையில் மடவையைச் செதுக்கி, செதில் கோடுகளை ஊசியால் கீறி, வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிட்டேன். நீங்கள் அனுப்பிய களிமண்ணில் அதன் பாதி உடம்பு புதையும்படி படுக்கவைத்து, சுற்றிலும் அட்டை கட்டினேன். அச்சின் இரு பாதியும் பிசகாமல் உட்கார களிமண்ணில் ஆங்காங்கே சின்னக் குழிகளும் போட்டேன். சிலிகானின் பாகம் ஏ, பாகம் பி இரண்டையும் தராசில் சம எடை நிறுத்து, அடிவரை சுரண்டிக் கலந்து ஊற்றினேன்.

மறுநாள் அட்டையைப் பிரித்தால், மீனின் முதுகைத் தொட்ட இடம் கச்சிதமாக இறுகியிருக்கிறது. களிமண்ணைத் தொட்ட பரப்பு முழுக்க தேன் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இரு பாதியும் சேர வேண்டிய விளிம்பே அதுதான். அந்தப் பிசின் வழிந்து ஓரத்துச் செதில் கோடுகளையும் அடைத்துவிட்டது. அதே கலவையில் மிஞ்சியதை ஒரு பிளாஸ்டிக் கப்பில் விட்டுவைத்திருந்தேன். அது கல்லுக்குண்டாக இறுகிவிட்டது. விகிதம் தப்பியிருந்தால் கப்பிலும் அல்லவா ஒட்டியிருக்க வேண்டும்?

உங்கள் சிலிகான் டப்பாவில் 'பிளாட்டினம் கியூர்' என்று போட்டிருக்கிறது. இந்த வகை சிலிகான் இறுக உதவும் பிளாட்டினத்தைக் கந்தகம் செயலிழக்க வைத்துவிடும். நீங்கள் தந்த களிமண் பாக்கெட்டைப் பிரித்ததுமே கந்தக வாடை. இருந்தாலும் சந்தேகம் வேண்டாமென்று ஒரு கப்பின் அடியில் உங்கள் களிமண்ணையும், இன்னொன்றில் கந்தகமில்லாத களிமண்ணையும் தடவி, ஒரே கலவையை ஊற்றிப் பார்த்தேன். முதல் கப் ஒட்டுகிறது, இரண்டாவது இறுகிவிட்டது. படம் இருக்கிறது. போதாததற்கு, கிட்டில் வைத்த கையுறையும் லேடெக்ஸ். அதுவும் இந்த சிலிகானுக்கு ஆகாது. கந்தகத்தால் கெடாத 'டின் கியூர்' வகை சிலிகானை அனுப்பியிருந்தாலாவது இந்தக் களிமண்ணை வைத்தே ஒப்பேற்றியிருக்கலாம்.

இதையெல்லாம் வாங்குகிறவன் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் செய்முறைத் தாளிலேயே 'எந்தக் களிமண்ணும் பயன்படுத்தலாம்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அப்புறம், களிமண் பாக்கெட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி அது இருந்தாக வேண்டும்.

எனக்கு மாற்று கிட் வேண்டாம். அதிலும் இதே களிமண்தானே வரும். கூரியர் கட்டணத்தோடு முழுப் பணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். செய்முறைத் தாளில் அந்த வரியை நீக்கி, கந்தகமில்லாத களிமண்ணும் நைட்ரில் கையுறையும் வைத்து விற்றால் அடுத்து வாங்குகிறவர் தப்பிப்பார்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்கும் போட முடியும். மிஞ்சிய களிமண்ணையும் இறுகாத அச்சையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பினால் காட்டத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சென்னை