அடைமழையில் ரெசினா?

ரங்கூன்

மச்சான்,

பதில் போட நாளாகிவிட்டது, திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். செட்டியார் உன் பரோட்டாக் கணக்கை இன்னும் மறக்கவில்லை. அதை நீயே பேசித் தீர்த்துக்கொள்.

நீ ரெசினில் வார்த்து அனுப்பிய மோரிஸ் மைனர் கார் டிராஃபிகேட்டர் (திரும்பும் பக்கத்தைக் காட்ட வெளியே நீளும் விளக்குக் கை) லென்ஸ்கள் வந்தன. நிறம் பிரமாதம். 3 வாட் பல்பைப் பின்னால் பிடித்தும் பார்த்தேன், பழசு மாதிரியே எரிகிறது. ஆனால் உள்ளே இத்தனை குமிழா? லென்ஸ் கேட்டால் சோடாவா அனுப்புவாய்?

குமிழுக்குக் காற்றை உறிஞ்சும் பம்பைக் குறை சொல்லாதே. காற்று சிக்கினால் மூலை முடுக்கில் பெரிதாக நிற்கும். இது பொடிப்பொடியாக எங்கும் பரவியிருக்கிறது, ஈரத்தின் வேலை. யூரித்தேன் ரெசினிலுள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் தண்ணீர் பட்டால் கார்பன் டை ஆக்சைடு விடும். உன் மோல்மேன் ஊர் அடைமழையில் டின்னைத் திறந்து வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போனால் வேறென்ன ஆகும்? மரக்குச்சி, காகிதக் கப் இரண்டிலும் ஈரம் இருக்கும். பிளாஸ்டிக் கப்பும் கம்பியும் எடு. தண்ணீரில் கரைத்த சாயம் கூடவே கூடாது. ஊற்றுவதற்கு முன் அச்சை 60 டிகிரியில் காயவை. சூட்டில் ரெசின் சீக்கிரம் இறுகும், கை வேகமாக ஓட வேண்டும். மிச்சத்தைச் சின்ன பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடு. என்னைக் கேட்டால் கார்த்திகை வரை பொறு.

ஒரு லென்ஸின் நுனியில் பரு மாதிரி இருக்கிறதே, அது வேறு கதை. பிரஷர் பாட் என்ற அழுத்தக் கலத்தில் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் வார்ப்பதானால் சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில் இறுகவிட வேண்டும். இல்லாவிட்டால் சிலிகானுக்குள் இருக்கும் குமிழ் அழுத்தத்தில் அமுங்கி, அந்தப் பள்ளத்தில் ரெசின் இறங்கிவிடும்.

எனக்கு எரிச்சல் வந்ததோ, நீ அச்செடுக்க வைத்த மூலத் துண்டைப் பார்த்துத்தான். கிழட்டு லென்ஸை அப்படியே வைத்தா அச்செடுத்தாய்? அந்தப் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணியிருக்கும். உலோகக் கை சுருங்காது, அதிலிருந்து அளவெடு. சுவரைத் தடிமனாக்காதே. கை கனத்தால் அதைத் தூக்கும் மின்காந்தம், அதாவது சோலனாய்டு, பாதியில் திணறும். அப்புறம் லென்ஸ் எவ்வளவு அழகாக எரிந்து என்ன? முதலில் இடது கையில் மாட்டிப் பார். 1970-ல் பர்மாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் மாறியதிலிருந்து முந்துகிறவன் பார்ப்பது அதைத்தான்.

ஐம்பது ஜோடி வேண்டாமடா, பத்து போதும். 1961-ல் மைனருக்கு மின்னும் விளக்கு வந்துவிட்டது, அதற்கு முந்தின வண்டிகளுக்குத்தானே இது? அச்சும் இருபது முப்பது வார்ப்பில் பளபளப்பு போய்விடும்.

விளையாட்டில்லாமல் ஒன்று. அந்த ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை இழுத்துவிடும், ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் விடாது. மூக்கில் துண்டு கட்டினால் போதாது. ஆவிக்கான ஃபில்டர் வைத்த முகமூடி வாங்கு. பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது டின்னைத் திறக்காதே.

அசல் டிராஃபிகேட்டர் செய்த லூக்காஸ் கம்பெனியின் பெயரைப் பொறிக்காதே, உள்பக்கம் உன் அடையாளம் ஏதாவது வை. நல்லதாக இரண்டு ஜோடி பெரியவர் வண்டிக்கு எடுத்து வை. பணம் அவர் தரமாட்டார், என்னிடம் வாங்கிக்கொள்.

உன்,
ரங்கூன்காரன்