வலி நின்றதும் இம்பிளாண்ட் ஆறிவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் இம்பிளாண்ட் (இழந்த பல்லுக்கு வேராகத் தாடையெலும்பில் பொருத்தும் டைட்டானியத் திருகு) பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அதை எப்படிப் பொருத்துகிறார்கள், யாருக்குப் பொருத்தலாம் என்பதோடு நின்றுவிடுகின்றன. பொருத்திக்கொண்டு வீடு திரும்பியவர் அடுத்த சில மாதங்களிலும் அதற்குப் பின்வரும் ஆண்டுகளிலும் என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கடைசியில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. கீழ்த்தாடையில் பொருத்திய முதல் இம்பிளாண்டை இரண்டே மாதங்களில் இழந்து, பின்னர் அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்திக்கொண்டவன் என்ற முறையில், அந்த விடுபட்ட பகுதியைப் பற்றித் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் முறை எனக்குத் தந்த அறிவுரைத் தாளில் ஒரு வாரத்துக்கான குறிப்புகள் மட்டுமே இருந்தன. அவற்றை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தேன். தையல் பிரித்தார்கள், வீக்கம் வடிந்தது, வலியும் போய்விட்டது. எல்லாம் ஆறிவிட்டது என்று நம்பி, மூன்றாவது வாரத்திலேயே அந்தப் பக்கமாக மெல்லத் தொடங்கினேன். நிறுத்தியிருந்த புகைபிடிக்கும் பழக்கத்துக்கும் திரும்பினேன். இரண்டாம் மாதம் பரிசோதனைக்குச் சென்றபோது இம்பிளாண்ட் அசைந்தது. அதை வெளியே எடுத்தபோதுகூட எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த வலியின்மைதான் என்னை ஏமாற்றியது என்பது பிறகுதான் புரிந்தது.

டைட்டானியத்தோடு உயிருள்ள எலும்பு நேரடியாக ஒட்டி வளரும் என்பதை 1950களில் முயல்களின் எலும்பை ஆராய்ந்தபோது கண்டறிந்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வர் பிரோனமார்க். 1965இல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் அவர் டைட்டானியம் இம்பிளாண்டுகளைப் பொருத்தினார். இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே: திருகை வைப்பவர் மருத்துவர், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியது நம் எலும்பு. பொருத்திய அன்று அது உறுதியாக இருப்பது, மரத்தில் முடுக்கிய திருகு இறுகி நிற்பதைப் போன்ற உறுதி மட்டுமே. அடுத்த சில வாரங்களில் திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பை உடல் கரைத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய எலும்பை வளர்க்கிறது. பழையது கரைந்து புதியது முழுதாக வளராத இடைக்காலத்தில், ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை, இம்பிளாண்டின் பிடிப்பு முதல் நாளைவிடக் குறைந்துவிடக்கூடும். நோயாளிக்கு வலி நின்று, நம்பிக்கை பிறக்கும் காலமும் சரியாக அதுவே. முழுப் பிடிப்பு உண்டாக வழக்கமாக 3 முதல் 6 மாதங்கள் ஆகும். மேலே உடனடியாகத் தற்காலிகப் பல் வைத்திருந்தாலும், மருத்துவர் அனுமதிக்கும் வரை அதை மெல்லுவதற்குப் பயன்படுத்தக் கூடாது.

முதல் சில நாட்களைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். முதல் 24 மணி நேரத்தில் வேகமாகக் கொப்பளிப்பதும் துப்புவதும் உறிஞ்சுகுழாயால் குடிப்பதும் காயத்தில் உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் மென்மையாகச் சுழற்றி வெளியேற்றலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்தை அடையும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதன் பிறகும் வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மரப்பு ஊசியின் தாக்கம் தீர வேண்டிய நேரம் கடந்தும் உதடோ முகவாயோ மரத்தே இருந்தாலோ, காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை அவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. நீண்ட நாள் பயன்படுத்தினால் பற்களில் கறை படியும், சுவையும் மாறும்.

புகையிலையைப் பற்றி நான் அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், புதிய எலும்பு வளர வேண்டிய இடத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. என் இம்பிளாண்ட் புகையால் தளர்ந்ததா, அவசரப்பட்டு மென்றதால் தளர்ந்ததா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இரண்டையும் தவிர்த்திருக்கலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பதும் இதே அளவு முக்கியம். எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். தாமாக நிறுத்திவிடவும் கூடாது.

எலும்பு பிடித்து, மேலே கிரவுன் (வெளியே தெரியும் செயற்கைப் பல்) பொருத்திய பிறகு தொடங்குவது வாழ்நாள் கவனிப்பு. செயற்கைப் பல் சொத்தையாகாது என்பது உண்மைதான். ஆனால் இயற்கைப் பல்லின் வேருக்குள் ஈற்றின் நார்கள் ஊன்றி நின்று கிருமிகளைத் தடுக்கின்றன; இம்பிளாண்டைச் சுற்றி அவை கழுத்துப்பட்டை போலச் சூழ்ந்து நிற்கின்றனவே தவிர, அதற்குள் ஊன்றுவதில்லை. ஆகவே அங்கு படியும் அழுக்கு எளிதில் ஆழத்துக்குப் பரவுகிறது. எச்சரிக்க வலியும் பெரும்பாலும் வருவதில்லை. துலக்கும்போது இரத்தம் கசிவது, ஈறு சிவந்து தடிப்பது, சீழ் வருவது, வாயில் கெட்ட சுவை நிலைப்பது ஆகியவற்றையே நாம் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். அழற்சி ஈற்றோடு நிற்கும் கட்டத்தில் முறையாகச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், இழந்ததை மீட்பது மிகக் கடினம்.

கிரவுன் ஈற்றைத் தொடும் விளிம்பில்தான் அழுக்கு முதலில் சேர்வதால், மென்மையான தூரிகையை அங்கே சற்றுச் சாய்த்துப் பிடித்துத் துலக்க வேண்டும். பல் இடுக்குகளுக்கான சிறு தூரிகையைப் பயன்படுத்துவோர், அதன் நடுக்கம்பி பிளாஸ்டிக் பூசியதா என்று பார்த்து வாங்க வேண்டும். வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறிவிடும். உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இரவுக் காப்பு உறை அணிவது அவசியம், ஏனெனில் இம்பிளாண்டில் அழுத்தத்தை உணர்த்தும் தசைநார் இல்லாததால் அளவுக்கு மீறிய சுமையை நாம் எளிதில் உணர்வதில்லை. கிரவுன் ஆடினால் கையால் திருகிப் பார்க்கக் கூடாது. பல நேரங்களில் மேலுள்ள சிறு திருகு மட்டுமே தளர்ந்திருக்கும். உடனே சென்றால் இறுக்கிவிடலாம்.

இன்னொன்றும் கேட்டுப் பெற வேண்டும். கிரவுன் பொருத்திய அன்று எடுக்கும் எக்ஸ்ரேதான் பின்னாளில் எலும்பு குறைந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அளவுகோல். அதன் பிரதியையும், இம்பிளாண்டின் தயாரிப்பாளர், விட்டம், நீளம் ஆகியவற்றைக் குறித்த அட்டையையும் நோயாளியே வைத்திருக்க வேண்டும். வேறொரு மருத்துவரிடம் போக நேர்ந்தால், எந்தக் கருவியால் அதைக் கழற்றுவது என்பதைக்கூட அந்த அட்டையைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்வார். முதல் முறை அதை நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை. இம்பிளாண்ட் பற்றி அடுத்து வெளியிடும் கட்டுரையில், முதல் வாரத்துக்குப் பிந்தைய கவனிப்புக்கும் இந்த ஆவணங்களுக்கும் உரிய இடம் ஒதுக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்