குழந்தைகள் வார்டு பற்றி கலாவுக்கு

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு நீ மனநல ஆலோசகராகப் போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பிள்ளைக்குக் கேன்சர் என்று தெரியவே கூடாது" என்று பெற்றோர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களோடு வாதாடாதே. அவன் இதுவரை என்னென்ன கேட்டான் என்று மட்டும் விசாரி. பெரும்பாலும் பக்கத்துக் கட்டில் பையனிடமே தெரிந்துகொண்டிருப்பான். அம்மா அழுவாள் என்று வாய் திறக்காமல் இருப்பான். மூன்றிலிருந்து ஆறு வயதுக்காரர்கள், தாம் செய்த சேட்டைக்குத் தண்டனைதான் இந்த ஊசி என்று நம்பிவிடுவதுண்டு. "நீ எதுவும் செய்ததால் வரவில்லை, பாப்பாவுக்கும் ஒட்டாது" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். முதல் நான்கு வாரம் ஸ்டீராய்டு ஓடும். நடுராத்திரியில் சோறு கேட்பான், காரணமில்லாமல் அழுவான், அடிக்க வருவான். இது மருந்தின் வேலை, நிறுத்தியதும் தணியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. இல்லாவிட்டால் திட்டும் அடியும்தான் விழும். இன்னொன்று: தூக்கம், பசி, சோர்வு மூன்றையும் மருந்தே குலைத்துவிடும் என்பதால் அவற்றை வைத்து மனச்சோர்வைக் கணிக்காதே. பிடித்த விளையாட்டைக்கூடத் தொடாமல் இருப்பது, "என்னால்தான் எல்லோருக்கும் கஷ்டம்" என்ற பேச்சு, இவற்றைக் கவனி.

ஊசி பயத்துக்கு வருகிறேன். மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடிமனாக வைத்து மேலே பிளாஸ்டிக் ஒட்டுத்தாள் ஒட்டி 60 நிமிடம் விட வேண்டும். அவசரத்தில் கால் மணி நேரத்திலேயே குத்திவிடுகிறார்கள். வலிக்கிறது, அதோடு களிம்பின் மேலும் நம் பேச்சின் மேலும் நம்பிக்கை போய்விடுகிறது. "வலிக்காது" என்று யாரும் சொல்லக் கூடாது. "சுருக்கென்று இருக்கும், நீ சோப்புக் குமிழி ஊது" என்று சொல்லலாம். கையில் ஊசி போடும்போது படுக்க வைத்து அமுக்காமல், அம்மா மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார வைக்கட்டும். முதுகுத்தண்டில் போடும் ஊசிக்கு மயக்க மருந்து கிடைக்குமா என்று முதல் தடவைக்கு முன்பே டாக்டரிடம் கேள். முதல் அனுபவம் கெட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் பயம் ஏறிக்கொண்டே போகும். வாந்தியும் அப்படித்தான். கீமோ என்கிற புற்றுநோய் மருந்தின் முதல் சுற்றிலேயே சரியாகக் கட்டுப்படுத்தாவிட்டால் பிறகு ஆஸ்பத்திரி வாசனைக்கே குமட்டும். அதற்கு மாத்திரை அவ்வளவாகக் கேட்காது.

வளரிளம் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை அதிகம். முடி, மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். முன்பே கட்டையாக வெட்டிக்கொள்கிறாயா என்று கேட்டு, முடிவை அவர்களிடமே விடு. ரத்தப் புற்றுநோய் திரும்பாமலிருக்க வீட்டில் தினமும் விழுங்கும் மெர்காப்டோப்யூரின் மாத்திரை இன்னும் பெரிய விஷயம். விழுங்க வேண்டிய மாத்திரைகளில் விழுங்கியது நூற்றுக்கு 95க்குக் கீழே போனால் நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது மாதத்தில் இரண்டு நாள் விட்டாலே போதும். பதினைந்து வயதுக்காரன் தலையில் மொத்தப் பொறுப்பையும் கட்டிவிடாமல், விழுங்குவதைப் பெரியவர் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் பெற்றோரை வெளியே அனுப்பிப் பத்து நிமிடமாவது தனியாகப் பேசு. பெரிய பையன்களிடம் பின்னாளில் குழந்தை பெற உதவும் விந்து சேமிப்பு பற்றிக் கீமோ தொடங்கும் முன்பே டாக்டர் பேசினாரா என்றும் பார்த்துக்கொள்.

உன் வார்டில் ஊசிக்குத் தனி அறை இருக்கிறதா? கட்டிலிலேயே குத்தினால் பிள்ளைக்குப் பயமில்லாத இடமே மிஞ்சாது. இல்லையென்றால் எழுது, என்ன செய்யலாம் என்று யோசிப்போம்.

அன்புடன்,
மீனா