ஓணானைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்

ஐ.நா. காலநிலை மாற்றச் செயலகத்தாருக்கும், உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் காலநிலை மாநாட்டு முடிவுகளின் வரைவுகளைப் படிக்கும்போது என் கண் முதலில் சதுர அடைப்புக்குறிகளைத்தான் தேடும். இன்னும் ஒத்துவராத சொற்களை அதற்குள் போட்டு வைக்கிறீர்கள். மறுநாள் வரைவில் சில சொற்கள் காணாமல் போயிருக்கும். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துப் பாருங்கள், நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவைக் குறிக்கும் 'புதைபடிவ எரிபொருள்' என்ற சொல்லே கிடையாது. சூடு எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமலே சூட்டைத் தணிக்க உடன்பட்டிருக்கிறோம்! அந்த எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்லவேண்டும் என்ற வரி உங்கள் முடிவுகளில் ஏற 2023 துபாய் மாநாடு வரை ஆனது. முதல் மாநாடு நடந்தது 1995-இல்.

அந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று யோசிக்கும்போதெல்லாம் 1982-ஆம் ஆண்டு வரைபடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. எக்ஸான் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்துக்குள் சுற்றுக்கு விட்ட அறிக்கையில் அது இருந்தது. 2020 வாக்கில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 415 பங்கை ஒட்டி இருக்கும் என்று அந்தக் கோடு காட்டியது. ஏறக்குறைய அதேதான் நடந்தது. அறிக்கையை வெளியாருக்குத் தரக்கூடாது என்ற குறிப்பும் கூடவே இருந்தது. அப்புறம் 1989-இல் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் சேர்ந்து 'உலகக் காலநிலைக் கூட்டணி' என்று ஒன்றை ஆரம்பித்து, அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று பல ஆண்டுகள் பேசின. 1998-இல் எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தில் உருவான திட்டக்குறிப்பு ஒன்று, சராசரிக் குடிமக்களுக்குக் காலநிலை அறிவியலின் நிச்சயமின்மை 'புரியும்போது' வெற்றி கிடைக்கும் என்று எழுதி வைத்தது. தெரியாமல் செய்த தவறு என்றால் மன்னித்துவிடலாம். இவர்கள் தெரிந்தே செய்தார்கள். எனக்கு ஆறாத இடம் அதுதான்.

இன்று இவர்கள் பெரும்பாலும் அறிவியலை நேரடியாக மறுப்பதில்லை. கூட்டத்துக்கே வந்துவிடுகிறார்கள். துபாயில் புதைபடிவ எரிபொருள் துறையின் நலனுக்காக வந்தவர்கள் 2,400-க்கும் மேல் என்று குடிமக்கள் அமைப்புகள் எண்ணிச் சொன்னன. பாதிப்புக்கு மிக எளிதில் ஆளாகும் பத்து நாடுகளின் பிரதிநிதிகளை மொத்தமாகக் கூட்டினாலும் அவ்வளவு பேர் இல்லை. மாநாட்டுத் தலைவரே ஒரு தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைமை அதிகாரி. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்களே, அந்தக் கதைதான்.

உங்கள் அவையில் வாக்கெடுத்து முடிவு செய்யும் விதி இன்றுவரை நிறைவேறவில்லை, எல்லாம் ஒருமித்த கருத்தின்படிதான். அப்படியானால் எல்லாரையும் மடக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாடுகளைக் கையில் வைத்துக்கொண்டாலே ஒரு வரியை நிறுத்திவிடலாம். இதை அந்த நிறுவனங்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன.

இந்த நிறுவனங்களிடம் தொழில்நுட்பம் இருக்கிறது, பணம் இருக்கிறது, அவர்களை ஒதுக்கிவிட்டு எப்படி மாற்றம் வரும் என்று கேட்பீர்கள். சரி, நியாயமான கேள்விதான். முடிவை நிறைவேற்றும்போது கூப்பிட்டுப் பேசுங்கள். முடிவின் சொற்களை எழுதும்போது வேண்டாம். புகையிலை விஷயத்தில் உலகம் இதைச் செய்திருக்கிறது. 2005-இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில், பிரிவு 5.3 அந்தத் தொழிலின் நலன்களிடமிருந்து பொதுச் சுகாதாரக் கொள்கையைக் காக்கச் சொல்கிறது. சிகரெட்டுக்குப் போட்ட கதவை நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் போட என்ன தடை?

யார் சார்பில் வருகிறீர்கள் என்று 2023-இல் பதிவின்போது கேட்க ஆரம்பித்தீர்கள். அந்த 2,400 என்ற எண்ணிக்கை வெளியே தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதற்கு நன்றி. அதோடு நிற்கவேண்டாம். பயணச் செலவு யாருடையது என்று அரசுக் குழுவோடு சேர்ந்து வருகிறவர்களையும் கேளுங்கள், ஏனென்றால் பலர் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். பதிலை அவரவர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையிலேயே, பெயருக்குக் கீழே, எதிரில் நிற்பவர் படிக்கிற அளவில் அச்சடித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரைவுகளைப் படிக்கும் ஒரு குடிமகன்