செயலாளர் ஆண்டறிக்கை: மழையில் மலைப்பயணமும் நிலுவைச் சந்தாவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சைக்கிள் சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களும் வழக்கம்போல் நடந்தன. புதியவர்களுக்குப் பஞ்சர் ஒட்டும் பயிற்சியும் நடந்தது.

மழைக்கால மலைப்பயணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணவாய் உச்சியில் எல்லோரையும் கொட்டும் மழையில் நிறுத்திவைத்தேன் என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. பயணத்துக்கே வராதவர்களும் அதைப் பேசுகிறார்கள்.

மலை ஏறும்போது குளிர் தெரியாது, மிதிக்கிற உழைப்பே உடம்பைச் சூடாக வைத்திருக்கும். ஆனால் 1,000 மீட்டர் உயரம் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. உச்சியைத் தாண்டினால் மிதிக்கும் வேலையும் இல்லை. எதிர்காற்று ஈரத்துணி வழியாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். முதலில் மரத்துப்போவது விரல்கள்தான், அப்புறம் பிரேக்கை எப்படி அழுத்துவது? அதனால்தான் நனைந்த பனியனை மாற்றி, உலர்ந்த சட்டையும் மழைக்கோட்டும் கையுறையும் போட்டு, ஏதாவது சாப்பிட்ட பிறகே இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இனியும் நிற்பேன்.

ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) கட்டையால் அழுத்தி நிறுத்தும் பிரேக், வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மழையில் பிரேக் கட்டை முதலில் ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துத் தள்ளும், பிறகுதான் பிடிக்கும். வளைவுக்கு வெகு முன்பிருந்தே லேசாகத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். சாலையில் வரைந்த கோடு, இரும்பு மூடி, ஈர இலை இவற்றின் மேல் சைக்கிளைச் சாய்க்கவே கூடாது. இதற்கெல்லாம் ஆயத்த வகுப்பு வைத்தேன். பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. வராத ஒருவரின் பிரேக் கட்டை, சேறும் மணலும் அரைத்து, உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. பாதி இறக்கத்தில் நிறுத்தி, சங்கத்தின் உதிரிக் கட்டையை மாட்டித்தான் அனுப்பினோம். பின்சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாமல் வந்தவர்கள், பின்னால் வந்தவர்களின் முகத்தில் வழி நெடுகச் சேற்றை இறைத்தார்கள். சக உறுப்பினருக்குச் செய்யக்கூடாத காரியம் அது. இத்தனைக்கும் நடுவில் ஒருவர்கூட விழாமல் அடிவாரம் சேர்ந்தோம். எனக்கு அதில் பெருமை உண்டு.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. சிறு தொகை கையிருப்பு உண்டு. விவரங்களைப் பொருளாளர் வைத்திருக்கிறார். சந்தா நிலுவைதான் வருத்தம் தருகிறது. சந்தா கட்டாதவர்களுக்கும் அன்று உதிரிப் பெட்டியைத் திறந்துதான் கொடுத்தோம், மழையில் நிற்பவரிடம் ரசீது கேட்க முடியாது.

ஒத்துழைத்த தலைவருக்கும், பொருளாளருக்கும், வண்டியில் பைகளை ஏற்றி வந்த அன்பர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் மலைப்பயணம் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் உதிரிப் பெட்டி காலியாக இருக்கிறது. பயணத்தில் எல்லோருக்கும் கடைசியாக, பின்தங்குபவர்களோடு வர அனுபவமுள்ள ஒருவர் வேண்டும், அந்தப் பொறுப்புக்கு இதுவரை யாரும் பெயர் தரவில்லை. இந்த இரண்டும் மழைக்கு முன் சரியானால் தேதியை அறிவிக்கிறேன். சந்தாப் புத்தகம் கூட்டம் முடிந்த பிறகும் வாசலோர மேசையில் திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்