சயின்ஸ் குரூப்பும் பார்வையற்ற மாணவர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன் சேர்க்கை நடக்கும் நேரம் இது. எங்கள் தெருவில் பார்வையில்லாத ஒரு பெண், பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். சயின்ஸ் குரூப் கேட்டுப் போனதற்கு, "பிராக்டிகல் எல்லாம் இருக்கும்மா, உனக்கு எதுக்குச் சிரமம்? வரலாறு எடுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். அதனாலேயே இதை யாரும் புகாராக எழுதுவதில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நூறு மார்க்கில் பிராக்டிகலுக்கு 20. அந்த இருபதுக்குப் பயந்து மொத்தப் பாடத்தையும் ஒரு பிள்ளைக்கு மறுக்கிறோம். சரி, பிராக்டிகல் கண் இல்லாமல் முடியவே முடியாதா? ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் உலோகக் கவை) தட்டித் தண்ணீர் உள்ள குழாயின் வாயருகே பிடித்து, தண்ணீர் மட்டத்தை இறக்கிக்கொண்டே போய், சத்தம் எங்கே ஓங்குகிறது என்று காதால்தான் பிடிக்க வேண்டும். பார்வையுள்ள பிள்ளைகளிலேயே பலர் அந்த இடத்தைத் தவறவிட்டுப் பக்கத்து ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவார்கள்! கண் தேவைப்படுவது அளவுகோலைப் படிக்க மட்டும். அதில் சின்னச் சின்ன மேடு வைத்தால் விரலே படித்துவிடும்.

மின்சுற்றில் மீட்டரின் முள் அசையாமல் நிற்பதைப் பார்ப்பதற்குப் பதில், மாறுமின்னோட்டம் கொடுத்து ஹெட்ஃபோனில் சத்தம் அடங்கும் புள்ளியைத் தேடலாம். இது பழைய ஆய்வகங்களில் இருந்த வழக்கம்தான். வேதியியலில் நிறம் மாறுவது தெரியாது என்கிறார்களா? என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வெங்காயமும் வெனிலாவும் வாசனை காட்டிகளாக வருகின்றன. காரம் பட்டால் வாசனை போய்விடும், அமிலத்தில் அப்படியே இருக்கும். பியூரெட்டை (திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) திறந்து மூட லேப் அசிஸ்டென்ட் இருக்கிறார். பேராசிரியர்கள் மட்டும் என்ன, எல்லாச் சோதனையையும் தங்கள் கையாலா செய்கிறார்கள்?

உயிரியல் விஞ்ஞானி கீரட் வெர்மெய் நெதர்லாந்தில் பிறந்தவர், மூன்று வயதில் பார்வை போய்விட்டது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேரப் போனபோது, சங்கைக் கையில் கொடுத்துச் சோதித்தார்கள். தடவிப் பார்த்தே இனத்தைச் சொன்னார். பிறகு, நண்டு உடைத்த சங்கின் ஓடு மறுபடி வளர்ந்து மூடிய தழும்புகளை விரலால் ஆராய்ந்து, வேட்டையாடும் உயிரும் இரையும் பரிணாமத்தில் எப்படி மாறின என்று எழுதினார். ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் வானொலித் தொலைநோக்கி பிடிக்கும் அலைகளையும் எந்த விஞ்ஞானியும் கண்ணால் பார்த்ததில்லை. கிடைப்பது எண்கள். அவற்றைப் படமாகப் போட்டுப் பார்க்கலாம், ஒலியாக மாற்றியும் கேட்கலாம். போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வாண்டா டியாஸ் மெர்செட், படிக்கும் காலத்தில் பார்வை இழந்தவர், கேட்டே வானியல் ஆய்வு செய்கிறார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் ஒதுக்குகிறது. பிளஸ் ஒன்னிலேயே வரலாற்றுக்குத் திருப்பிவிடப்பட்ட பிள்ளைக்கு, பி.எஸ்சி. இயற்பியலில் அந்த 5 சதவீதம் இருந்தென்ன, இல்லாமல் போனால் என்ன? (வரலாறு மட்டம் என்று சொல்ல வரவில்லை. விரும்பி எடுக்கட்டும்.)

சேர்க்கை முடிவதற்குள் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். பார்வையில்லை என்ற காரணத்துக்காக எந்தக் குரூப்பையும் மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பிராக்டிகலில் மாணவர் சொல்கிறபடி உதவியாளர் கருவியைக் கையாளட்டும். கணக்குக்கும் விளக்கத்துக்கும் மார்க் போடுங்கள். புடைப்புப் படங்களோடு பாடப்புத்தகம் அச்சாகி வர நாளாகும், தெரியும். அதுவரை ஒளிக்கதிர்ப் படங்களை அட்டையில் நூலை ஒட்டிச் செய்து கொடுக்கலாம். அதற்கு ஒரு ஃபெவிகால் டப்பா போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி